மேரிக்குப் பக்கத்து வரி

வளைகுடா நாட்டுக் குதைபியாவில் ஆகஸ்ட் மாதம் காலை பத்தரை மணிக்குத் தெருவில் பூனைகூட நடக்காது. கடைக் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்து வழியும். அந்த நேரத்தில் டை கட்டிக்கொண்டு ஒருவர் காரைவிட்டு இறங்குகிறார் என்றால் ஒன்று இன்சூரன்ஸ்காரர், இல்லாவிட்டால் அனந்தகிருஷ்ணன்.

அனந்தகிருஷ்ணன் அர்பாப் வீட்டு மேனேஜர். அர்பாப் என்றால் அங்கே முதலாளி. பெரிய அர்பாப் இறந்தபிறகு வீட்டுச் சாமான்களை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. கம்பளம், சரவிளக்கு, முத்துத் தராசு எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஆளுயரக் கடிகாரம் ஒன்று. இந்த வியாழக்கிழமை அதுவும் லண்டன் ஏலத்துக்குக் கப்பல் ஏறுகிறது. அதற்கு முன் துடைத்து ஓடவைத்துத் தரும் வேலை கடிகாரம் பழுதுபார்க்கும் யஹ்யாவுடையது. அவன் கடையின் சி.ஆர் என்கிற வணிகப் பதிவும் அவன் விசாவும் அர்பாப் குடும்பத்தின் பெயரில்தான் ஓடின. அவனுடைய வாப்பா செய்கு முகம்மது கீழக்கரையிலிருந்து வந்து கடை போட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

"ஏலக் கம்பெனி ரிப்போர்ட் வந்தாச்சு, யஹ்யா. லண்டன்லேர்ந்து வந்த அம்மா பிரமாதமா எழுதியிருக்கா. கேளு."

யஹ்யா கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றவில்லை. பின்னறையில் கார்மேகம் கடிகாரத்தின் தலைப்பெட்டியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தச்சர். மரவேலை என்றால் யஹ்யா அவரைத்தான் கூப்பிடுவான்.

அனந்தகிருஷ்ணன் ஆங்கிலத்தில் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். "டயலோட பின்பக்கம். செஞ்ச குடும்பத்தோட கையெழுத்து மூணு தலைமுறைக்கு இருக்காம். எட்வர்ட் டிரெமெய்ன், ஆயிரத்து எழுநூத்து எண்பத்தெட்டு, செய்தவர். பிள்ளை ரிச்சர்ட், ஆயிரத்து எண்ணூத்துப் பதினொண்ணு, பல்சக்கரம் மாத்தினார். அப்புறம் பாரு, ரிச்சர்டோட விதவை மேரி. ஆயிரத்து எண்ணூத்து இருபத்தாறு. சுத்தம் செய்து ஓடவைத்தார். ஒரு பெண் தன் கையாலயே இந்தத் தொழிலைச் செஞ்சதுக்கு அபூர்வமான சான்று, எக்காரணம் கொண்டும் தொடக் கூடாதுன்னு கோடு போட்டு எழுதியிருக்கா. பாதி விலை இந்த மேரிக்குத்தான்."

"அதுக்குக் கீழ?"

"கீழயா? அது உன் வேலை." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "பிற்காலக் கீறல்கள். போலி அரபி எழுத்து, பொருளற்றது. விற்பனைக்கு முன் தேய்த்து நீக்கவும். அவ்வளவுதான். அரை மணி வேலை."

யஹ்யா லென்ஸைக் கழற்றினான்.

பெரிய கடிகாரங்களைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும், யாருக்கும் தெரியாத இடத்தில், எஃகு ஊசியால் பெயரும் வருடமும் என்ன செய்தோம் என்பதும் கீறிவைப்பார்கள். அடுத்துத் திறக்கிறவனுக்கான கடிதம் அது. தப்பு செய்திருந்தால் யாரைத் திட்டவேண்டும் என்று அவனுக்குத் தெரியவேண்டும். செய்கு முகம்மது இந்த டயலை முதன்முதலில் கழற்றியபோது டிரெமெய்ன் குடும்பத்தின் மூன்று வரிகளைப் பார்த்தார். கீழே தன் வரியைக் கீறினார். அவருக்குத் தமிழை அரபி எழுத்தில் எழுதித்தான் பழக்கம். ஊரில் அவர் தலைமுறை கடிதம் எழுதியதும் கல்யாணக் குறிப்பு எழுதியதும் அந்த அரபுத்தமிழில்தான். எண்பத்து நான்கு, தொண்ணூற்று ஒன்று, இரண்டாயிரத்து ஆறு என்று மூன்று வரிகள்.

நான்காவது வரி நஜீஹாவுடையது.

"சார், அது போலி அரபி இல்ல. தமிழு. மூணு வரி எங்க வாப்பா எழுதினாஹ. மேரி பக்கத்துல இரிக்கிறது எம் பொஞ்சாதி எழுதினது."

"இருக்கட்டும்பா. நான் இல்லைன்னு சொன்னேனா? ஆனா வாங்கறவனுக்கு அது கீறல்தானே."

"மேரி எழுதினதும் ஊசியில கீறினதுதானே சார்?"

"அது ஹிஸ்டரி."

பின்னறையில் துணி தேய்க்கும் சத்தம் நின்றது. "அம்புட்டுத்தேன் சார்," என்றார் கார்மேகம். "வெள்ளக்காரன் கீறுனா வரலாறு, நம்ம கீறுனா கிறுக்கு. இந்தப் பெட்டிக்குள்ள போன தடவ நானும் பென்சில்ல ஒரு கோடு போட்டேன். அதையும் அந்தம்மா பாத்துட்டாகளா?"

"கார்மேகம், உங்களைக் கேட்கலை."

"கேக்க மாட்டீக. தெரியும்."

அனந்தகிருஷ்ணன் குரலைத் தணித்தார். "யஹ்யா, நீ படிச்ச பையன். சின்ன அர்பாபுக்கு இந்தக் கடை மேல ஒரு பிரியமும் கிடையாது. அவர் அப்பா வெச்சுக்கொடுத்தார்னு விட்டு வெச்சிருக்கார். பேக்கிங் பண்றதுக்கு முன்னாடி ஓடறதை அவர் பார்க்கணுமாம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுல மாட்டிடணும். தேய்ச்சு, மாட்டி, ஓடவிட்டுட்டுப் போ."

கதவு மூடியது. யஹ்யா டயலை மடியில் கவிழ்த்துப் பார்த்தான். மேரி இடமிருந்து வலமாக எழுதியிருந்தாள். வரியின் பாதி வெறுமையாகக் கிடந்திருக்கிறது. நஜீஹா வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக எழுதிக்கொண்டே வந்து மேரியின் வருடத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒருத்தியின் 1826, இன்னொருத்தியின் 2023. நடுவில் ஒரு நெல் அளவு இடைவெளி. "பாவம், ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தையா இரிக்கிறா. துணைக்கு நான் உக்காந்துக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டுதான் கீறினாள்.

நஜீஹா சென்ற டிசம்பரில் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இரண்டே நாள். வயது இருபத்தொன்பது. இங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கபர்ஸ்தானில் மீசான் கல்லில் பெயர் எழுதும் வழக்கமில்லை. வெறும் கல். அடையாள அட்டையை ஆபீசில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். போன் நம்பர் இப்போது ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் இருக்கிறது. இந்த நாட்டில் நஜீஹாவின் பெயர் எழுதியிருக்கும் இடம் இந்தப் பித்தளைத் தகடு ஒன்றுதான்.

*

யஹ்யாவின் அக்கா அப்ஸானாவும் அவள் கணவர் சாதிக் பாட்ஷாவும் கடைக்கு மேல் மாடியில் இருந்தார்கள். சாதிக் பாட்ஷா பக்கத்துத் தெருவில் கோல்டு ஸ்டோர் வைத்திருந்தார். ரொட்டி, லபன் மோர், ரீசார்ஜ் கார்டு விற்கும் பெட்டிக்கடைக்கு அங்கே அந்தப் பெயர். நஜீஹா போனபின் யஹ்யாவுக்கு மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு.

அன்று நெய்மீன் ஆணமும் கத்திரிக்காய் பொரியலும். ஏசி இரைந்ததே தவிரக் குளிரவில்லை. யஹ்யா நடந்ததைச் சொன்னான். நான்கே வாக்கியம்.

"தேய்ச்சுருவியா நீ?" அப்ஸானா கரண்டியோடு நின்றாள்.

"இல்ல லாத்தா."

"அப்பக் கடை?" என்றார் சாதிக் பாட்ஷா. "சி.ஆரைக் கேன்சல் பண்ணுனா முப்பது நாளுதான் டைம். ஸ்பான்சர் பண்ணப் புது கஃபீல் தேடணும், விசா மாத்தணும். ஏன் மாப்ளே, வாப்பா பேரு உன் மனசுல இல்லையா? நஜீஹா பேரு இல்லையா? தகட்டுல இருந்தாத்தான் பேரா?"

"அந்த மேரியை மட்டும் ஏன் தகட்டுல வெச்சிரிக்காஹ? மனசுல வெச்சுக்க வேண்டியதுதானே?" என்றாள் அப்ஸானா. "அவளும் ஒருத்தன் பொஞ்சாதி, இவளும் ஒருத்தன் பொஞ்சாதி. அவ தொட்டா அபூர்வம், இவ தொட்டா அழுக்கா? நம்ம புள்ள வெரல்ல தோலு உரியற அளவுக்கு பெட்ரோல்ல கழுவிக் கழுவி எடுத்தா அந்தச் சக்கரத்தையெல்லாம். ஒரு மாசம் அவ கையில மோதிரம் ஏறல. எந்த ரிப்போர்ட்டுல வரும் அது?"

"நீ சத்தம் போட்டா லண்டன்ல கேட்டுருமா? இரு. எனக்கு ஒரு யோசனை." சாதிக் பாட்ஷா முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "மாப்ளே, அது அரபி எழுத்துத்தானே? சின்ன அர்பாபு வாசிப்பான். அர்த்தம் தெரியாது. நீதான் சொல்லணும். இது உங்க பாட்டனார் ஹஜ்ஜுக்குப் போன நாளு, இது உங்க வாப்பாவுக்கு நிக்காஹ் நடந்த நாளுன்னு வரிசையா அடிச்சு விடு. அவன் குடும்பத்து வரலாறுன்னு ஆயிட்டா அவனே தொட விடமாட்டான். கண்ணாடி போட்டு வெப்பான்."

யஹ்யா சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"பொய் சொல்லச் சொல்றியளா?" என்றாள் அப்ஸானா.

"எழுத்து அப்படியே இருக்கும்ல? அர்த்தந்தானே மாறுது."

"நஜீஹா பேரு வருமே. அது யாருன்னு சொல்லுவான்?"

"அவங்க வீட்டுல முன்ன வேலை பார்த்த..." சாதிக் பாட்ஷா வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்ஸானா ஆணச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"ஏ, இன்னும் நான் சாப்பிட்டு முடிக்கல!"

"வெறுஞ்சோறத் தின்னுங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

யஹ்யாவுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனால் தூக்கிப் போடவும் முடியவில்லை. எழுத்து இருக்கும் என்ற ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

*

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அர்பாப் வீட்டு வரவேற்பறையான மஜ்லிஸில் கடிகாரத்தின் உடல் சுவரோரம் தலையில்லாமல் நின்றது. எடைக்குண்டு இரண்டும் கம்பளம் எடுத்த தரையில் கிடந்தன. யஹ்யா எந்திரத்தைப் பலகையில் ஏற்றி உட்கார வைத்தான். டயல் இன்னும் துணிக்குள் இருந்தது. கார்மேகம் தலைப்பெட்டியை இரு கைகளிலும் குழந்தை போல ஏந்திக்கொண்டு நின்றார். கீழே வைத்தால் மெருகு போய்விடும் என்று அவருக்குப் பயம்.

சின்ன அர்பாப் யூசுப் வந்தார். முப்பத்து நாலு வயது. வெளிநாட்டில் படித்தவர். மெதுவாகத்தான் பேசுவார். துணியைத் தானே விலக்கிப் பார்த்தார்.

"தேய்க்கவில்லையே?"

"யஹ்யா!" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அர்பாப்," என்றான் யஹ்யா, தனக்குத் தெரிந்த அரபியில். "அப்புறம் சொல்லுங்கள்."

யூசுப் குனிந்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தார். எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இருந்ததால் தடுமாறித் தடுமாறி வாசித்தார்.

"செய்கு... முஹம்மது. நரம்பு... மாத்தினது."

ஓர் அரபியின் வாயிலிருந்து வாப்பாவின் தமிழ் வந்தது. வாப்பா இறந்து ஏழு வருடம்.

"செய்கு முகம்மது உன் தகப்பன். நினைவிருக்கிறது, எனக்கு மிட்டாய் தருவார். மற்றது என்ன? வருடம் தொண்ணூற்று ஒன்று. நான் பிறந்த வருடம்!" யூசுப் நிமிர்ந்தார். "நான் பிறந்ததை எழுதியிருக்கிறாரா?"

யஹ்யா ஆமாம் என்று தலையை ஆட்டினான். பொய் அவ்வளவு சுலபமாக இருந்தது.

"இது? எண்பத்து நான்கு?"

"உங்கள் பாட்டனார் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய நாள்."

"மாஷா அல்லாஹ். இரண்டாயிரத்து ஆறு?"

"உங்கள் தாயார் ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாகி வந்த நாள்."

யூசுப் போனை எடுத்துப் படம் பிடித்தார். முகம் மலர்ந்திருந்தது. அனந்தகிருஷ்ணன் யஹ்யாவைப் பார்த்தார். கடையில் வைத்து அவன் சொன்னது அவருக்கு மறந்திருக்காது. ஆனாலும் ஒரு கணம்தான். "சார், இது பெரிய விஷயம். ஒரு முத்து வியாபாரக் குடும்பத்தின் தினக்குறிப்பு. ரிப்போர்ட்டில் சேர்த்தால் விலை இன்னும் ஏறும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பல்லைத் திறக்காமல் தமிழில், "கெட்டிக்காரன்பா நீ."

"ஏப்பா, சட்டுபுட்டுன்னு முடிங்க. கை மரத்துப்போச்சு," என்றார் கார்மேகம்.

யூசுப்பின் விரல் மேரியின் வரிக்கு வந்தது. வலது ஓரத்தில் நின்றது.

"நஜீஹா." இதை அவர் தடுமாறாமல் வாசித்தார். அவர்கள் வீடுகளிலும் இருக்கும் பெயர்தானே. "இது யார்? எங்கள் குடும்பத்தில் இந்தப் பெயர் இல்லையே."

அனந்தகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "வீட்டு வேலைக்காரியாக இருக்கும் சார். முன்பு இருந்தவள்." உடனே தமிழில், "ஆமான்னு சொல்லு. ஒரு ஆமா, முடிஞ்சுது. எழுத்தும் இருக்கும், கடையும் இருக்கும்."

யஹ்யா அந்த எழுத்தைப் பார்த்தான். எட்டு மாதமாக அவன் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. நஜீஹாவின் மய்யித்தை எடுத்த அன்றுகூட. இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் கார்மேகம் தலைப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டார்.

"வேலைக்காரி இல்லை. என் மனைவி. இந்தக் கடிகாரம் ஏழு மணிக்கு எட்டு அடித்துக்கொண்டிருந்தது. அவள்தான் கணக்கைத் திருத்தினாள். செத்துப்போய்விட்டாள். இந்த எழுத்தில் உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை, அர்பாப். நான் பொய் சொன்னேன். தொண்ணூற்று ஒன்றில் என் வாப்பா குண்டு தொங்கும் நரம்பை மாற்றினார். எண்பத்து நான்கில் எண்ணெய் போட்டார். இரண்டாயிரத்து ஆறில் ஊசலின் தகட்டை மாற்றினார். கடிகாரத்துக்கு நடந்ததை மட்டும்தான் அவர் எழுதுவார். உங்கள் வீட்டுக்கு நடந்ததை எழுத அவர் உங்கள் குமாஸ்தா இல்லை."

யூசுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "என் வீட்டில் நின்றுகொண்டு எனக்கே பொய் சொன்னாய்."

"ஆமாம். அது தப்பு. உங்கள் ரிப்போர்ட் எங்களைப் பொருளற்றது என்று சொன்னது. அதுவும் பொய்தான். அதை நீங்கள் காசு கொடுத்து எழுதி வாங்கினீர்கள்."

"யஹ்யா, வாயை மூடு," என்றார் அனந்தகிருஷ்ணன்.

"நீங்க பேசாதீங்க சார்," என்றான் தமிழில். "அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவளை வேலைக்காரின்னு சொன்னீங்க."

அனந்தகிருஷ்ணன் டையைச் சரிசெய்தார்.

"தேய்த்துவிடு," என்றார் யூசுப். "நான்கு வரியையும்."

"நான் தேய்க்கமாட்டேன். வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் அவனிடம் இதைக் காட்டுங்கள்." டயலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். "இது உங்கள் மேரியின் கடைசி எழுத்து. இது நஜீஹாவின் கடைசி எழுத்து. நடுவில் இவ்வளவுதான் இடம். பித்தளையில் உப்புத்தாள் வைத்தால் இந்த இடத்தில் நிறுத்த எந்தக் கையாலும் முடியாது. இவள் போனால் அவளும் போவாள்."

யூசுப் டயலை வாங்கிக் கட்டைவிரல் நகத்தை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார். நகம் இரண்டு பக்கமும் எழுத்தின் மேல் ஏறியது.

"அந்த வெள்ளைக்காரியின் வரி எவ்வளவு முக்கியம்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"பாதி விலை சார்," என்றார் அனந்தகிருஷ்ணன்.

யூசுப் டயலை யஹ்யாவிடம் நீட்டினார்.

"அப்படியே மாட்டு. எல்லாம் இருக்கட்டும், ஒன்றையும் தொடாதே. கடையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய். கலாஸ், முடிந்தது."

செருப்புச் சத்தம் உள்ளே போய் மறைந்தது.

யஹ்யா டயலின் நான்கு கால்களையும் எந்திரத்தின் துளைகளில் பொருத்தி ஆணி செருகினான். எழுத்து உள்பக்கம் போனது. முட்களை மாட்டினான். குண்டுகளைத் தொங்கவிட்டான். ஊசலைத் தொட்டுவிட்டுக் காது கொடுத்தான். ஒரு பக்கம் நொண்டியது. கார்மேகம் கேட்காமலே பெட்டியின் இடது காலடியில் மெல்லிய மரச்சில் ஒன்றைச் செருகினார். இப்போது சரியாக விழுந்தது.

"இப்ப வேலைக்கு எங்கப்பா போவ?" என்றார்.

"தெரியல அண்ணே."

"கடல் தாண்டி அல் கோபார்ல எங்க ஊரு சுரேஷ்குமாரு இருக்கான். கேட்டுச் சொல்றேன். அங்கயும் மணி அடிக்குந்தான?"

அனந்தகிருஷ்ணன் இன்னும் போகவில்லை. சோபா இருந்த இடத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்திருந்தார்.

"அழிக்கலைன்னா ரிப்போர்ட்ல அந்தப் பாராவை மாத்தணும். லண்டனுக்கு இன்னிக்கே அனுப்பணும். என்ன போடட்டும்?" அவர் யஹ்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பேரு, வருஷம், செஞ்ச வேலை. மேல உள்ள மூணு பேருக்குப் போட்ட மாதிரியே."

அவன் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். செய்கு முகம்மதின் பெயருக்கு எழுத்துக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். மூன்று வரியும் ஆனது.

"அடுத்தது?"

"நஜீஹா. ரெண்டாயிரத்து இருபத்து மூணு. மணி அடிக்கும் கணக்கைத் திருத்தினார்."

அனந்தகிருஷ்ணனின் விரல்கள் நின்றன. குரலில் ஏதோ உதவி செய்கிற தோரணை வந்திருந்தது. "தனியாவா செஞ்சாங்க? உன் பேரையும் சேர்த்துப் போடறேன். யஹ்யா அண்ட் நஜீஹான்னு. உனக்கும் ஒரு பேர் கிடைக்கும்."

"வேணாம் சார்," என்றான் யஹ்யா, கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தபடி. "அன்னிக்கு நான் டீ வாங்கப் போயிருந்தேன்."